கம்பி வைத்த வண்டி

“நீ பேப்பர்ல வண்டி வரையற புள்ள. ரோட்ல ஓட்டறதுக்கு நாங்க இருக்கறம். டிராக்டர் ஓட்டுனவல்லாம் டிரைவர்னா அப்பறம் நாங்க எதுக்கு?”

என் பெரியப்பா இதை எங்கள் ஷெட் வாசலில் வைத்துச் சொன்னார். முதலாளி, ஃபோர்மேன், வெல்டர்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பையில் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அந்த வண்டியை ஓட்ட அது போதும். ஆனாலும் ஓட்டப்போவது அவர்தான் என்று முடிவாகிவிட்டது.

ஷெட் ஓசூருக்கு வெளியே, கர்நாடக எல்லைக்குப் போகும் வழியில் இருக்கிறது. லாரிக்கும் கண்டெய்னர் வண்டிக்கும் பாடி கட்டுவதுதான் எங்கள் தொழில். நான் ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக் காட்டில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, அந்த ஷெட்டில் டிசைன் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரே பெண். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

ராஜஸ்தானின் தென்மேற்கு மூலையில், பார்மர் பக்கம், பாலைவனச் சுற்றுலா நடத்தும் ஓர் அம்மாள் எங்களிடம் ஒரு கேரவன் கேட்டிருந்தார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. எங்கள் ஷெட்டுக்கு அது முதல் கேரவன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு வயரும் நான் வரைந்தது. ஆனால் கட்டியவர்கள் அதுவரை லாரி மட்டுமே கட்டியவர்கள். வீடு என்றால் அவர்கள் அறிந்தது அவரவர் வீட்டைத்தான். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் முடித்திருந்தார்கள்.

“அண்ணா, நான் வரைஞ்சதுல கம்பியே இல்லியே?”

ஃபோர்மேன் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஏத்தா, வீடுன்னா ஜன்னல் இருக்கும். ஜன்னல்னா கம்பி இருக்கும். கம்பியில்லாத ஜன்னல எங்கயாச்சும் கண்டிருக்கியா? திருடன் வந்தா நீயா பதில் சொல்லுவ?”

“கதவுக்கும் வெளிய கொண்டி வெச்சிருக்கீங்க. கண்டெய்னருக்கு வெக்கற மாதிரி.”

“பூட்டாத வண்டி ஒரு வண்டியா? உள்ளுக்க ஒரு தாழ்ப்பா வாங்கி மாட்டிக்கிருவோம். போத்தா, போய்ச் சோலியப் பாரு.”

முதலாளியிடம் போனேன். நாள் இல்லை, அந்த அம்மாளுக்கு வேண்டாமென்றால் அங்கேயே வெட்டிக்கொள்ளட்டும் என்றார். அப்படித்தான் அந்த வண்டி முடிந்தது. முன்னால் டிரைவர் கேபின். பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் முழுத் தகரச் சுவர். வீட்டுக்கு ஒரே கதவு, அதற்கு வெளியே கொண்டி. வீட்டில் இருப்பவர் டிரைவரைக் கூப்பிட வேண்டுமானால் நான் வைத்த மணி ஒன்றுதான்.

வண்டியை ஒப்படைக்கும்போது, அதை வரைந்தவரே வந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். முதலாளி என்னை அனுப்பச் சம்மதித்தார். என் அப்பா, வீட்டு ஆள் கூட வந்தால்தான் அனுப்புவேன் என்றார். பெரியப்பா வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், அவரே ஓட்டட்டும். துணைக்குப் பெரியம்மாவும் போகட்டும். இப்படி முடிந்தது.

பெரியப்பாவுக்கு அடிப்பது பேச்சு மாதிரி. கோபம் வந்தால்தான் என்றில்லை. அவர் லாரியில் எந்தக் கிளீனரும் தங்கியதில்லை. போன வருடம் பித்தளைச் செம்பால் பெரியம்மாவின் தலையில் அடித்தார். இடது காது கேட்காமல் போயிற்று. கிருஷ்ணகிரியில் மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். தையல் போட்ட டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தலையில இன்னொரு அடி பட்டா பொழைக்கறது கஷ்டம். வீட்டுல சொல்லிடுங்க” என்றார். வீட்டில் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு பெரியப்பாவுக்குச் சோறு போட்டார்கள்.

அதனால் பெரியம்மாவிடம் வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“நான் வரலன்னா உன்ன உடமாட்டாங்க பாப்பா. நீ கட்டுன ஊட்ட நானும் பாக்க வேணாமா?” என்றாள். ஒரு சிறிய குழவிக்கல்லை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மிக்ஸி இருக்கிறது என்றேன். மிக்ஸியில் அடித்த மிளகும் ஒரு மிளகா என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால் வண்டியைக் கிருஷ்ணகிரி வரை ஓட்டிப் பார்த்தோம். குருபரப்பள்ளிக்கு அருகில் ஒரு கார் குறுக்கே வந்து நெருக்கியது. பெரியப்பா விரட்டிப் பிடித்து, காரை மறித்து நிறுத்தி, ஜாக்கி ராடோடு இறங்கினார். காரின் பக்கக் கண்ணாடி ஒரே அடியில் தொங்கியது. உள்ளே குழந்தை வீறிட்டது. ஓட்டிவந்தவர் இரண்டு கையையும் கூப்பினார். பெரியப்பா திரும்பி வந்து ஏறி, எதுவும் நடக்காதது போல, “பிரேக் நல்லா புடிக்குது” என்றார்.

எல்லையைத் தாண்டியதும் அவர் வேறு ஆள். அத்திப்பள்ளியில் கன்னடத்தில் அண்ணா அண்ணா என்று குழைந்தார். பெட்ரோல் பங்க்கில் தெலுங்குக்காரரோடு தோளில் கைபோட்டுச் சிரித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் வெளியாருக்கு அவர் நல்லவர்தான். கதவைத் திறந்து பின்பக்கம் ஏறினால்தான் கை நீளும்.

ஆனாலும் அந்த வண்டியின்மேல் எனக்கிருந்த பெருமையை மறைக்க மாட்டேன். தார்வாடைத் தாண்டிய மேட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பெரியம்மா கழிப்பறையில் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே ஓடிவந்தாள். “ஓடற ஊட்ல கக்கூஸு! பின்னாடி வர்ற வண்டிக்காரன் பாவமில்ல?” தொட்டியில்தான் சேரும் என்று விளக்கினேன். நம்பவில்லை. படுக்கையில் ஏறிப் படுத்து, கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, “எனக்குன்னு ஒரு கட்டில் இதான் மொதல்ல” என்றாள்.

அடியும் கூடவே வந்தது. டீயில் சர்க்கரை போதவில்லை என்று கோலாப்பூரில் முதுகில் விழுந்தது. நான் இடையில் புகுந்து, “தலையில மட்டும் கை வெக்காதீங்க பெரிப்பா. டாக்டர் சொன்னது தெரியுமில்ல?” என்றேன். அவர் சிரித்தார். அடுத்த முறை இடுப்பில் உதைத்துவிட்டு என்னைப் பார்த்து, “பாத்துக்க. தலைய தொடல” என்றார். குஜராத் முழுக்க அதுவே அவருக்கு வேடிக்கையானது. தோளில் ஒன்று, தொடையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு, “தலைய தொடல.”

நான் கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லியாக வேண்டும். பின்னால் பெரியம்மா தனியாக. இந்தப் பயணத்தில் எனக்கு இருந்த ஒரே வேலை அவளை உயிரோடு திருப்பிக் கூட்டிப்போவது என்று அங்கேதான் தெளிவானது. வண்டியை ஒப்படைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ராஜஸ்தானில் நுழைந்ததும் காற்று மாறியது. முள்மரமும் மணலுமாகப் போனது நிலம். சாலையோரம் ஒட்டகம் ஒன்று அடிபட்டுக் கிடந்தது, கால்கள் நான்கும் வெவ்வேறு திசையில். காற்று வாரியடித்த மணல் தகரத்தில் சரளை போல விழுந்தது. முன்கண்ணாடியில் வழி தெரியவில்லை. பெரியப்பாவுக்கு இந்த மாதிரிச் சாலை பழக்கமில்லை. பயந்திருந்தார். பயம் அவருக்குக் கையில் வரும்.

அப்போதுதான் மணி அடித்தது. விடாமல் அடித்தது.

“எதுக்கு அடிக்கறா?” என்று கேட்டுக்கொண்டே பிரேக்கை முழுக்க மிதித்தார். வேண்டுமென்றே மிதித்தார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ வந்து மோதியது. பாத்திரம் இல்லை.

அவர் சாவியை உருவிக்கொண்டு இறங்கி ஓடினார். நானும் ஓடினேன். உள்ளே டீக்காகக் கொதித்த தண்ணீர் தரையெங்கும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் பாதம் வெந்து சிவந்திருந்தது. அது காலில் கொட்டியதற்குத்தான் மணி அடித்திருக்கிறாள். அவள் சுவரோரம் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம்.

“மணியா அடிக்கற, மணி?” பெரியப்பா அவள் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார். தலையைச் சுவரை நோக்கி இழுத்தபோது நான் அவர் கையைப் பிடித்துக் கடித்தேன். ஆமாம், கடித்தேன். தோல் கிழியும் வரை விடவில்லை. அவர் மறு கையால் என்னை அறைந்தார். நான் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் விழுந்தேன். உதடு கிழிந்தது. அந்த விளிம்பை மழுக்கி வளைக்க வேண்டும் என்று நான் வரைந்திருந்தேன். வளைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் பல் போயிருக்கும்.

அவர் கடிபட்ட கையைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். கொண்டி விழும் சத்தம் கேட்டது. லாரிக்காரர்கள் எப்போதும் கையில் வைத்திருக்கும் பூட்டு அவரிடம் இருந்தது. அதைப் பூட்டும் சத்தமும் கேட்டது.

“ஊடு கட்டனேன்னு பீத்திக்கினியே. உள்ள இருந்து பாரு.”

கம்பி வழியாகப் பார்த்தேன். தூரத்தில் சாலையோரம் ஒரு தாபா தெரிந்தது. அதை நோக்கி நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சி வெயில். எஞ்சின் ஓடாததால் ஏ.சி. இல்லை. என் போன் கேபினில் சார்ஜில் கிடந்தது. ஜன்னல்களைத் திறந்தேன். உள்ளே வந்த காற்று அடுப்பிலிருந்து வருவது போல இருந்தது. கையை வெளியே விட முடிந்தது. தலையை விட முடியவில்லை. கம்பியை ஆட்டிப் பார்த்தேன். எங்கள் வெல்டர்கள் நல்ல வேலைக்காரர்கள். அசையவில்லை. கத்திப் பார்த்தேன். ஒரு லாரி போனது, நிற்கவில்லை. தகரம் சூடேறி டப் டப் என்று வெடிப்பது போலச் சத்தமிட்டது.

பெரியம்மாவின் நெற்றியைத் துணியால் கட்டினேன். அவள் வாந்தி எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே போனாள்.

“பெரிம்மா, தூங்கக் கூடாது. என்னப் பாருங்க.”

“தூங்கல பாப்பா. வேர்க்குது.” பிறகு கூரையைக் காட்டினாள். “அது மட்டும் சுத்திக்கினு கெடக்கு.”

பேட்டரியில் ஓடும் காற்றாடி. கூரையில் சதுரமாக வெட்டிய ஓட்டையில் பொருத்தியது. அந்த ஓட்டைக்கு மட்டும் யாரும் கம்பி வைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டுக் கூரையில் ஓட்டை இருந்ததில்லை. அளவு எனக்குத் தெரியும். நான் வரைந்தது. என் தோள் நுழையும்.

டூல் பாக்ஸ் படுக்கைக்கு அடியில் இருந்தது. உள்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டேன். ஆனால் வெளியே மழைக்காகப் பூசிய பசை இறுகியிருந்தது. கட்டில்மேல் நின்று தள்ளினேன். வரவில்லை. உள்ளங்கை வழுக்கியது. எனக்கு அழுகை வந்தது.

பெரியம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். முந்தானைக்குள்ளிருந்து குழவிக்கல்லை எடுத்தாள்.

“இது ஒடைஞ்சா உங்க மொதலாளி திட்டுவாரா?”

“திட்டட்டும் பெரிம்மா.”

“அப்ப நவுரு.”

கட்டிலில் ஏறினாள். இடது காதுப்பக்கம் சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் கல்லை மேலே குத்தினாள். பிளாஸ்டிக் கீறியது. மறுபடியும் குத்தினாள். அவள் வாழ்நாளில் எதையாவது அடித்து நான் பார்த்ததில்லை. மாட்டைக்கூட “ஏய் ஏய்” என்றுதான் ஓட்டுவாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தோடு, குத்திக்கொண்டே இருந்தாள். காற்றாடியின் இலை உடைந்து அவள் கன்னத்தைக் கீறியது. நிறுத்தவில்லை. நெற்றிக்கட்டு நனைந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. “போதும் பெரிம்மா” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. காற்றாடி மொத்தமாகக் கூரைக்கு மேலே எகிறி விழுந்தபோது அவளும் கட்டிலில் விழுந்தாள். வானம் தெரிந்தது.

நான் ஏறினேன். கூரைத் தகரம் முழங்காலையும் உள்ளங்கையையும் சுட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. குதித்தேன். அடிப்பக்கப் பெட்டியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்தேன். குருபரப்பள்ளியில் கார்க் கண்ணாடியை உடைத்த அதே ராடு. பூட்டை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கொண்டியைப் பிடித்திருந்தவை சாதாரண அலுமினிய ரிவெட்டு ஆணிகள். ராடை நுழைத்து முழு எடையோடு தொங்கினேன். ஒவ்வொன்றாகத் தெறித்தன.

அந்தச் சத்தம் தாபா வரை போயிருக்க வேண்டும். பெரியப்பா எழுந்து நிற்பது தெரிந்தது. பிறகு ஓடிவருவது தெரிந்தது.

வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய இரண்டாவது சாவிக் கொத்து உள்ளே என் பையில் இருந்தது. பையை எடுத்தேன். பெரியம்மாவைத் தோளில் தாங்கி இறக்கி, கேபினில் ஏற்றினேன். சுற்றிப் போய் டிரைவர் பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. அதற்குள் அவர் பெரியம்மாவின் பக்கத்துக் கதவுக்கு வந்துவிட்டார். பாதி இறங்கியிருந்த கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துப் படியில் ஏறினார்.

“எறங்குடி. ரெண்டு பேரையும் இங்கியே பொதைச்சிட்டுப் போறன்.”

மறு கையை உள்ளே விட்டு அவள் தலையைத் தேடினார்.

பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பிடித்திருந்த அந்த விரல்களை மட்டும் பார்த்தாள். மடியிலிருந்த குழவிக்கல்லை எடுத்து அதன்மேல் இறக்கினாள். மிளகு உடையும் சத்தம் மாதிரி இல்லை. அதைவிடக் கனமான சத்தம். அவர் அலறிக்கொண்டு மணலில் விழுந்தார்.

நான் முதல் கியரைப் போட்டேன்.

பக்கக் கண்ணாடியில் அவர் எழுந்து உட்கார்ந்து கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தாபாக்காரர்கள் அவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொடுப்பார்கள், வெளியாருக்கு அவர் நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கியர் போட்டேன். மூன்றாவதும் போட்டேன். டிராக்டரைவிட அந்த வண்டி லேசாகத்தான் இருந்தது.

முதலில் பார்மரில் மருத்துவமனை. தலையைப் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே கசிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்தச் சுற்றுலா அம்மாள் அங்கேயே வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி வந்தார். கூரை ஓட்டையையும் பிய்ந்த கொண்டியையும் ஜன்னல் கம்பியையும் பார்த்துவிட்டு, இந்தியில் ஒரே கேள்வி கேட்டார். இது வீடா, சிறையா?

பக்கத்து வெல்டிங் கடையில் இரும்பறுக்கும் கிரைண்டரை இரவல் வாங்கினேன். என் கையாலேயே எல்லாக் கம்பியையும் அறுத்துத் தள்ளினேன். பெரியம்மா மரத்தடியில் நாற்காலி போட்டுக் கட்டுப்போட்ட தலையோடு உட்கார்ந்து, பொறி பறப்பதைப் பார்த்தாள். புதுக் காற்றாடியை ஷெட் அனுப்பி வைத்தது. பொருத்தினேன். விளக்கினேன். ஒப்படைத்தேன். ரயிலேறினோம்.

ராயக்கோட்டைக்குப் போகவில்லை. ஓசூரில் நான் தங்கியிருக்கும் அறைக்கே கூட்டிவந்தேன்.

பெரியப்பா எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்தார், கையில் மாவுக்கட்டோடு. ஒரு மாலை என் அறைக் கதவை உதைத்தார். ஜன்னலில் கல் வந்து விழுந்தது. கண்ணாடி உடைந்தது, கல் கம்பியில் பட்டுத் தெறித்தது. அன்று கம்பிக்காக நான் வருத்தப்படவில்லை. தாழ்ப்பாள் எங்கள் பக்கம் இருந்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றி, “குடிகாரப் பயலே, போலீஸக் கூப்பிடட்டா?” என்று கத்திய பிறகுதான் போனார்.

மறுநாள் அப்பா போன் செய்தார். “ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வந்துடுங்க. பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிரலாம். என்னா இருந்தாலும் கைய ஒடைச்சது தப்புதான?”

“பெரிம்மா தலையில தையல் போட்டப்ப யாரும் உக்காரலியேப்பா.”

“நீ படிச்சிட்டன்னு பேசாத.”

“படிச்சதனாலதாம்பா பேசறன்.”

பெரியம்மா கேட்கும் காதை என் போனோடு ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வாங்கினாள். “கொழுந்தனாரே, எனக்கு இங்க வேல இருக்குது” என்று சொல்லிவிட்டு என்னிடமே கொடுத்தாள். என்ன வேலை என்று கேட்டேன். யோசிக்கணும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூர் பேருந்து நிலையத்தில் ராயக்கோட்டைப் பேருந்து நின்றிருந்தது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அங்கே சொந்தக்காரர்கள் பாய் விரித்துக் காத்திருப்பார்கள். நாங்கள் அந்தப் பேருந்தைத் தாண்டி நடந்தோம். வெந்த பாதம் ஆறாததால் பெரியம்மா மெதுவாகத்தான் நடந்தாள். குழவிக்கல்லை அறையில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள், முந்தானையைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

மகளிர் காவல் நிலையத்தின் படியில் அவள் எனக்கு முன்னால் ஏறினாள். உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, பெண் காவலரிடம் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பித்தளைச் செம்பால் அடித்ததிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அதற்கும் முன்னாலிருந்து ஆரம்பித்தாள்.